விடியற்காலையில் மஞ்சள் நுரை கக்கும் பொமரேனியன்: ஆப்ப சோடா வேண்டாம், சோறு வைக்கும் நேரத்தை மாற்றுங்கள்

கேள்வி: திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் மாந்தோப்பும் நான்கு கறவை மாடுகளும் வைத்திருக்கிறேன். வீட்டில் ஐந்து வயது ஆண் பொமரேனியன் நாய் உள்ளது, எடை ஆறு கிலோ. ஒரு மாதமாக வாரத்தில் மூன்று நான்கு நாள், நான் பால் கறக்க எழும் ஐந்து மணி வாக்கில் மஞ்சளாக நுரை கக்குகிறது. அதற்கு முன்னால் உதட்டை நக்கிக்கொண்டே எச்சிலை விழுங்கும், வயிறு கடகடவென்று சத்தம் போடும், வெளியே ஓடிப் புல்லைத் தின்னும். கக்கி முடித்ததும் பழையபடி விளையாடுகிறது. காலை எட்டு மணிக்குப் பாலில் ஊறவைத்த இட்லி, மாலை ஆறரைக்குச் சாம்பார் சோறு, ஞாயிற்றுக்கிழமை மீந்த கோழிக்குழம்பும் எலும்பும் வைக்கிறோம். போன ஞாயிறுக்குப் பிறகு இரண்டு நாளாகக் கழிச்சலும் சேர்ந்துகொண்டது. மாட்டுக்குச் செரிமானக் கோளாறு வந்தால் கொடுக்கும் ஆப்ப சோடாவையோ வெங்காயம், பூண்டு போட்ட மூலிகை உருண்டையையோ கொஞ்சமாகக் கொடுக்கலாமா? நான் சாப்பிடும் அசிடிட்டி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?

பதில்: ஐயா, நீங்கள் கேட்ட மூன்றுமே வேண்டாம். கொடுக்கும் முன் கேட்டீர்கள், அதுவே நல்லது. நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், மருந்துக்குப் போகும் முன் சோற்றுத் தட்டையும் சோறு வைக்கும் நேரத்தையும் மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடக்கூடிய கோளாறு இது.

முதலில் ஆப்ப சோடா. மாடு அரிசியோ சோறோ அளவுக்கு மீறித் தின்றுவிட்டால் அதன் அசையூண் வயிற்றில் லாக்டிக் அமிலம் பெருகிவிடும். அந்த வயிற்றில் கார அமில நிலை (pH) 6-க்கும் 7-க்கும் இடையில் இருந்தால்தான் அங்குள்ள நுண்ணுயிர்கள் பிழைக்கும். அதனால்தான் சோடா கொடுத்து அமிலத்தை முறிக்கிறோம். நாயின் இரைப்பை அப்படிப்பட்டதல்ல. அது கடும் அமிலமாகத்தான் இருக்க வேண்டும். இறைச்சி செரிப்பதும், தெருவில் நக்கியதோடு உள்ளே போகும் கிருமிகள் சாவதும் அந்த அமிலத்தால்தான். அங்கே சோடா போனால் உடனே வாயு கிளம்பி வயிறு உப்பும். சோடாவில் உள்ள சோடியம் ஆறு கிலோ உடம்புக்குப் பெரிய சுமை, இரத்தத்தின் உப்புச் சமநிலையே குலையலாம்.

வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மாடுகளின் வயிற்று உப்புசத்துக்கும் கழிச்சலுக்கும் சொல்லும் மூலிகைக் கலவைகள் பலவற்றில் இவை இரண்டும் உண்டு, மாட்டுக்கு அந்த அளவு தாங்கும். நாயில் உடல் எடை கிலோவுக்கு 15 கிராம் வெங்காயம் போனாலே பாதிப்பு தொடங்கலாம், உங்கள் நாய்க்கு அது 90 கிராம்தான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேதம் சேர்ந்துகொண்டே போகும். சாம்பாரில் முழுதாகக் கிடக்கும் சின்ன வெங்காயத்தை நினைத்துப் பாருங்கள். சாம்பார் சோற்றை இன்றோடு நிறுத்துங்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் அதுதான். புளியும் மிளகாயும் அதற்கு அடுத்தவை.

சரி, ஏன் விடியற்காலையில் மட்டும் கக்குகிறது? மாலை ஆறரைக்குச் சாப்பிட்ட நாய் மறுநாள் எட்டு மணி வரை பட்டினி. பதிமூன்றரை மணி நேரம். சின்ன நாய்க்கு இரைப்பையும் சின்னது, நடு இரவுக்குள் அது காலியாகிவிடும். காலியான இரைப்பைக்குள் சிறுகுடலிலிருந்து பித்தநீர் பின்னோக்கி ஏறி வந்து உள்சவ்வை அரிக்கிறது. அதுதான் அந்த மஞ்சள் நிறம். அமிலமும் பித்தமும் தொண்டை வரை எதுக்களிப்பதால்தான் உதட்டை நக்குவதும், ஒன்றும் வாயில் இல்லாமலே விழுங்குவதும். கக்கியதும் எரிச்சல் குறைந்துவிடுகிறது, நாயும் வாலை ஆட்டிக்கொண்டு உங்கள் பின்னால் மாட்டுக் கொட்டகைக்கு வந்துவிடுகிறது. சின்ன ஜாதி நாய்களில் இதை நிறையவே பார்க்கிறோம். புல் தின்பது தனி நோயில்லை. ஆனால் வரப்பில் களைக்கொல்லி அடித்திருந்தால் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இனி செய்ய வேண்டியது. ஒரு நாள் தீனியை நான்காகப் பிரியுங்கள். காலை ஏழரை, மதியம் ஒன்று, மாலை ஆறு, கடைசி வேளை இரவு பத்து மணி. பத்து மணிக்கு வைப்பதுதான் இதில் முக்கியம், அதை மட்டும் தவறவிடாதீர்கள். மொத்த அளவைக் கூட்ட வேண்டாம், இருப்பதையே பங்கு போட்டால் போதும். நீங்கள் ஐந்து மணிக்கு எழுந்ததும், கறவைக்குப் போகும் முன், ஒரு வாய் சோறோ உப்பில்லாத ரஸ்க் துண்டோ கொடுங்கள். ஒரு வாரத்திலேயே வித்தியாசம் தெரிய வேண்டும்.

கழிச்சல் இருப்பதால் முதல் மூன்று நான்கு நாளைக்குப் பத்தியச் சோறு. குழைய வேகவைத்த அரிசிச் சோறு இரண்டு பங்கு, தோலும் எலும்பும் கொழுப்பும் எடுத்துவிட்டு வெறும் தண்ணீரில் வேகவைத்த கோழிக்கறி ஒரு பங்கு. உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். ஆறு கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு மொத்தம் 200 கிராம் அளவில் தொடங்கலாம், வேளைக்கு 50 கிராம். வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு தேக்கரண்டி சேர்த்தால் மலம் கட்டுப்படும். கறி சமைக்காத வீடாக இருந்தால் வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருவைச் சோற்றில் பிசையலாம். மலம் கெட்டியானதும் வழக்கமான தீனியை நான்கைந்து நாளில் படிப்படியாகக் கலந்து கூட்டுங்கள். இந்தப் பத்தியத்தையே மாதக்கணக்கில் தொடரக் கூடாது, இதில் சுண்ணாம்புச் சத்தும் வேறு பல சத்துகளும் போதாது.

பாலையும் நிறுத்துங்கள். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும், அதனால் பாலே கழிச்சலை இழுத்துக்கொண்டு போகும். கழிச்சல் நின்ற பிறகு புளிக்காத தயிரைச் சோற்றில் கொஞ்சம் பிசைந்து கொடுத்துப் பார்க்கலாம், பெரும்பாலான நாய்களுக்கு அது ஒத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். வெந்த கோழி எலும்பு கூர்கூராகப் பிளந்து குடலைக் குத்தும். குழம்பில் மிதக்கும் கொழுப்பும் எண்ணெயும் கணைய அழற்சியைக் கிளப்பிவிடும். கணையம் பழுதானால் நாய் முன்னங்காலைத் தரையில் நீட்டிப் பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும், வயிற்றைத் தொட விடாது, சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இது வீட்டில் வைத்துப் பார்க்கிற நோயல்ல.

தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். ஆறு கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 300 முதல் 350 மில்லி தேவைப்படும், ஈரமான சோற்றில் இருக்கும் தண்ணீரும் இதில் சேர்த்தி. ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கக்கினால் பாத்திரத்தை எடுத்துவிட்டு அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு மூன்று தேக்கரண்டி வையுங்கள். நீர் வற்றுகிறதா என்று தெரிந்துகொள்ளக் கழுத்துத் தோலைத் தூக்கி விடுங்கள், உடனே படிய வேண்டும். ஈறு வழவழப்பாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வாந்தி என்றாலே ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. சின்ன நாயை 12 மணி நேரத்துக்கு மேல் பட்டினி போடாதீர்கள், குட்டியைப் பட்டினி போடவே கூடாது, இரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். உங்கள் நாய்க்கோ பட்டினிதான் பிரச்சினையே.

உங்கள் மாத்திரை விஷயம். நீங்கள் பெயர் எழுதவில்லை. 40 மில்லிகிராம் பான்டோபிரசோல் என்று வைத்துக்கொள்வோம், அதில் பாதி 20 மில்லிகிராம். நாய்க்கு இந்த வகை மருந்தைக் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் கணக்கில்தான் கொடுப்போம், அப்படியென்றால் இது மூன்று மடங்குக்கும் மேல். அதோடு, அமிலம் கரைக்காதபடி மேல்பூச்சு போட்ட மாத்திரையை உடைத்தால் மருந்து இரைப்பையிலேயே கெட்டுவிடும். பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் வகை மருந்துகள் நாய்க்கு நன்றாக வேலை செய்யும்தான், ஆனால் தேவையா, எவ்வளவு, எத்தனை நாள் என்பதைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் கொடுத்திருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது, அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். வலி மாத்திரைகளான ஐப்யூபுரூபன், டைக்ளோபெனாக், பாரசிட்டமால் எதையும் நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். முதல் இரண்டும் இரைப்பையில் ஓட்டை விழும் அளவுக்குப் புண்ணாக்கும், மூன்றாவது கல்லீரலைக் கெடுக்கும்.

கடந்த ஒன்றிரண்டு மாதத்தில் உண்ணிக் காய்ச்சலுக்கோ தோல் அரிப்புக்கோ மருந்து கொடுத்தீர்களா? உண்ணிக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் வெறும் வயிற்றில் போனால் வாந்தி வரும். தண்ணீர் விடாமல் விழுங்க வைத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். அரிப்புக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் இரைப்பையைக் கெடுக்கும். அப்படி ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, நாய் கக்கும்போது ஒரு தடவை செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பொமரேனியனுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்துபோகும் நோய் அதிகம். கரகரவென்று இருமி, கடைசியில் வெள்ளை நுரையைத் துப்பும். வீட்டுக்காரர் அதை வாந்தி என்றே நினைப்பார். உண்மையான வாந்தியில் வயிறு எக்கி எக்கித் தள்ளும். வயிறு அசையாமல், சாப்பிட்டது அப்படியே வெளியே விழுந்தால் கோளாறு உணவுக்குழாயில். இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு, ஒரு நிமிட வீடியோ மருத்துவருக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும். இருமல் தெரிந்தால் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்போடு மாட்டும் பட்டை வாங்குங்கள்.

மாடு வைத்திருக்கும் வீடு என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். உங்கள் தீவனத் தொட்டியில் நாய் வாய் வைக்கிறதா என்று கவனியுங்கள். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கில் இருக்கும் அஃப்லாடாக்சின் நஞ்சை நாய் கொஞ்சமும் தாங்காது. வாந்தி, கழிச்சல், அப்புறம் மஞ்சள் காமாலை என்று கல்லீரல் கெட்டே போகும். பருத்திக்கொட்டையில் இருக்கும் காசிபால் என்ற நஞ்சும் நாய்க்கு ஆகாது. புண்ணாக்கு மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்குங்கள், கட்டி பிடித்ததை மாட்டுக்கும் போடாதீர்கள்.

தோப்பில் எலி மருந்து வைக்கும் வழக்கம் இருந்தால், ஜிங்க் பாஸ்பைடு என்ற கறுப்புப் பொடியைத் தின்ற நாயும் முதலில் வாந்திதான் எடுக்கும். அப்போது பாலோ முட்டையோ சோறோ கொடுக்காதீர்கள், தீனி போனால் அமிலம் கூடி பாஸ்பீன் என்ற நச்சு வாயு அதிகமாகக் கிளம்பும். அந்த வாந்தியை நீங்களும் குனிந்து மோந்து பார்க்கக் கூடாது. காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு, மருந்துப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பூச்சிமருந்து பட்ட நாய் என்றால் எச்சில் ஒழுகும், கண்மணி சுருங்கும், உடம்பு நடுங்கும். அதற்கும் இதே அவசரம்.

வேறு எப்போது காத்திருக்கக் கூடாது? சில மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் வாந்தி, தண்ணீரும் தங்காதது, வாந்தி காப்பித்தூள் கரைத்தது போல வருவது, மலம் கறுப்பாகவோ இரத்தமாகவோ போவது, வயிறு உப்பி ஒன்றும் வராமல் ஓங்கரிப்பது, ஈறு வெளுப்பது, கண்ணும் ஈறும் மஞ்சளாவது, காய்ச்சல் 103 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டுவது. நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி வரை இயல்பான சூடு, தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்யாதீர்கள். காய்ச்சலோடு மஞ்சள் காமாலையும் இருந்தால் எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும், அதனால் நாயின் சிறுநீரை வெறுங்கையால் கழுவாதீர்கள்.

குடற்புழு மருந்து கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தால் கழிச்சல் நின்றதும் எடைக்கேற்பக் கொடுத்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை போடும் கூட்டுத் தடுப்பூசி தவறியிருந்தால் அதையும் போட்டுவிட வேண்டும். பார்வோ வைரஸ் கழிச்சலுக்கும் லெப்டோஸ்பைரோசிஸுக்கும் உள்ள தடுப்பு அதில் அடங்கும்.

பத்தியம் தொடங்கி மூன்று நாளில் கழிச்சல் நிற்கவில்லை என்றாலோ, இரவு பத்து மணிச் சாப்பாட்டை இரண்டு வாரம் ஒழுங்காகக் கொடுத்தும் விடியற்காலை வாந்தி தொடர்ந்தாலோ, அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் மலப் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். வயிற்று ஸ்கேன் தேவை என்றால் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். போகும்போது அன்று காலை போன மலத்தைச் சுத்தமான சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள், எந்தெந்த நாளில் எத்தனை மணிக்குக் கக்கியது, முந்தின வேளை என்ன தின்றது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள்.