தொழிலால் புற்றுநோய் வந்தவரின் மன வேதனையை அளக்க முடியுமா? அப்பா சொல்லும் எண்ணை நம்பலாமா?

உங்கள் அப்பாவுக்கு ஆஸ்பெஸ்டாஸ் தூசால் வந்த புற்றுநோய். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் மன வேதனையை 0 முதல் 10-க்குள் சொல்லச் சொல்கிறார்கள். அவர் "2" என்கிறார். அதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் மாமனாரும் முதலில் இரண்டுதான் சொன்னார்.

நான் வேலூரிலிருந்து கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள், அங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறோம். மாமா இங்கேயே பிறந்தவர். 1968-இல் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்ந்து, கொதிகலன் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் சுற்றும் வேலை பார்த்தார். "மாவு மில்லுல நிக்கிற மாதிரி இருக்கும்மா" என்பார். ஐம்பது வருஷம் கழித்து மூச்சு வாங்க ஆரம்பித்தது. நெஞ்சில் கட்டிய நீரை எடுத்துச் சோதித்து, கொஞ்சம் சதையையும் எடுத்துப் பார்த்துவிட்டு மீசோதீலியோமா என்றார்கள். நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் புற்றுநோய் அது. தூசு உள்ளே போய் 20, 50 வருஷம்கூடச் சத்தமில்லாமல் இருக்கும்.

தெர்மாமீட்டர் போல வரைந்த அந்த 0–10 படத்துக்கு டிஸ்ட்ரெஸ் தெர்மாமீட்டர், அதாவது மன வேதனைமானி, என்று பெயர். போன ஒரு வாரத்தை நினைத்து எண் சொல்ல வேண்டும். 4 அல்லது அதற்கு மேல் வந்தால் கூப்பிட்டு விசாரிப்பார்கள். கூடவே பணம், குடும்பம், தூக்கம், வலி என்று ஒரு பட்டியலில் டிக் போடச் சொல்வார்கள். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்பதுதான் அதன் பலம். ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் வெள்ளைக் கோட்டு போட்டவர் முன்னால் "கஷ்டம்" என்று சொல்ல மாட்டார்கள். இரண்டு என்பது மரியாதைக்குச் சொல்லும் எண்.

அடுத்து ஹேட்ஸ் (HADS) என்ற, 14 கேள்விகள் கொண்ட தாள், 1983-இல் வந்தது. பதற்றத்துக்கு 7, மனச்சோர்வுக்கு 7. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண். ஒரு பகுதியில் 11 அல்லது அதற்கு மேல் வந்தால் கவலைப்பட வேண்டிய நிலை. அதில் ஒரு கேள்வி, வயிற்றில் பட்டாம்பூச்சி பறப்பதுபோல் பயம் வருகிறதா என்று. நர்ஸ் ஆங்கிலத்தில் கேட்டார். மாமா இல்லை என்று தலையாட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, வயித்துல புளியக் கரைக்குதா?" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "தெனமும் ராத்திரி, கண்ணு" என்றார். பூஜ்யம் மூன்றானது அப்படித்தான்.

தப்பு எதிர்ப்பக்கமும் நடக்கும். "எல்லாமே மெதுவாகிவிட்டதுபோல் இருக்கிறதா" என்ற கேள்விக்கு ஆமாம் என்றார். நாலு படி ஏறினால் நிற்கிற மனிதர் வேறென்ன சொல்வார்? அது மனச்சோர்வுக் கணக்கில் ஏறிவிட்டது. நுரையீரல் நோயாளியிடம் மொத்தத்தை மட்டும் பார்க்காமல் எந்தக் கேள்வியில் ஏறியது என்று டாக்டரைக் கேளுங்கள்.

ஆனால் இந்தத் தாள்கள் எதிலும் இல்லாத ஒன்று தொழில் நோயில் உண்டு. இது தானாக வந்த நோய் இல்லை, ஒருவர் கொடுத்த நோய். இழப்பீட்டு மனுவுக்காக வேலை வரலாற்றை எழுத உட்கார்ந்த அன்று, பேரன் போனில் தேடி வாசித்தான்: இங்குள்ள நார்தர்ன் கேப் பகுதியில் வெட்டியெடுத்த நீல ஆஸ்பெஸ்டாஸுக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை, 33 நோயாளிகளை வைத்து, இதே நாட்டு மருத்துவர்கள் 1960-லேயே எழுதிவிட்டார்கள் என்று. இங்கே ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை வந்தது 2008-இல். மாமா விரல் விட்டு எண்ணினார். "நான் சேர்றதுக்கு எட்டு வருஷம் முன்னாடியே தெரியுமா?" அந்த வாரம் ஒன்பது சொன்னார். ஸ்கேன் முடிவு வந்த வாரத்தில்கூட நாலுதான் சொல்லியிருந்தார்.

இத்தாலியில் மீசோதீலியோமா நோயாளிகளுக்கென்றே தனிக் கேள்வித்தாள் செய்திருக்கிறார்கள். நியாயம் கேட்கும் தவிப்பை அதில் ஒரு தனிக் கூறாகவே அளக்கிறார்கள். கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் இன்னொன்று உண்டு. இரண்டும் எல்லா ஊருக்கும் வர வேண்டும் என்று மனசார விரும்புகிறேன்.

குடும்பத்தாருக்கு ஏன் என்றால், மாமாவின் வயிற்றில் புளியைக் கரைத்தது சாவு பயம் இல்லை. வேலைச் சட்டையை அத்தைதான் கொல்லையில் உதறி, கையால் துவைப்பார். அப்படித் துவைத்த மனைவிமாருக்கும் இந்த நோய் வந்திருக்கிறது. பட்டியலில் டிக் போட அதற்கு இடமே இல்லை. கடைசியில் இருந்த வெற்று வரியில் "அவ துணி தொவச்சா" என்று மாமா சொல்ல, நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். டாக்டர் அதை வாசித்துவிட்டு அத்தையையும் உள்ளே கூப்பிட்டு நெஞ்சு எக்ஸ்ரே எழுதினார். அதில் ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் மாமா ஐந்து சொன்னார்.

நீங்கள் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி, அப்பா சொல்லும் எண், தேதி, அந்த வாரம் நடந்தது என்ன என்று ஒரு வரி எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதையும் எடுத்துப் போங்கள். கேட்பதை வீட்டில், உங்கள் மொழியில், அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். அம்மாவிடமும் தனியாகக் கேளுங்கள்.