ஐசி எண்ணும் மருத்துவச் சலுகையும்: கேட்டவர்களுக்குப் பதில்

சிங்கப்பூரில் அரசாங்கப் பலதுறை மருந்தகத்தின் பதிவு மேசையில் 19 வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். ஐசி (குடிமக்கள், நிரந்தரவாசிகளின் அடையாள அட்டை), ஃபின் (மற்ற வெளிநாட்டவருக்குத் தரும் அடையாள எண்), சலுகை பற்றிக் கேளுங்கள். மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

"அக்கா, என் ஐசி 'எஸ்' எழுத்தில் தொடங்குகிறது. சாஸ் (தனியார் கிளினிக்கில் அரசாங்கம் தரும் கட்டணச் சலுகை) கிடைக்கும்தானே?" (ஜூரோங் தம்பி)

எழுத்தைப் பார்க்காதீர்கள் தம்பி, அட்டையின் நிறத்தைப் பாருங்கள். 2000க்கு முன் பிறந்தவருக்கு எஸ், 2000 முதல் பிறந்தவருக்கு டி. குடிமகனுக்கும் நிரந்தரவாசிக்கும் அதே எழுத்துகள்தான். அட்டை இளஞ்சிவப்பு என்றால் குடிமகன், சாஸ் உண்டு. நீலம் என்றால் நிரந்தரவாசி, சாஸ் இல்லை. ஆனால் மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்பீடு இருவருக்கும் உண்டு. பலதுறை மருந்தகத்தில் நிரந்தரவாசிக்கும் கட்டணக் கழிவு உண்டு, குடிமகனுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு.

"போன மாதம் நிரந்தரவாசி ஆனேன். பழைய ஃபின் எண்ணைச் சொன்னால் போதாதா?" (செங்காங் அம்மா)

போதாது. உங்களுக்குப் புது எண் வந்துவிட்டது. பழைய ஃபின் எண்ணில் கிடக்கும் மருத்துவப் பதிவு தானாக நகர்ந்து வரும் என்று நம்பியிருக்காதீர்கள். என் மேசைக்கு ஒருவர் புது ஐசியோடு வந்தார். திரையில் ஒவ்வாமைக் கட்டம் காலியாக இருந்தது. "முன்னால் வேறு எண்ணில் வந்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். பழைய எண்ணைப் போட்டுப் பார்த்தால், பென்சிலின் ஒவ்வாது என்று கொட்டை எழுத்தில் நின்றது. கேட்காமல் விட்டிருந்தால்? இன்றும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும். நீங்கள் போகும் ஒவ்வொரு கிளினிக்கிலும், மருத்துவமனையிலும், காப்பீட்டாரிடமும் இரண்டு எண்களையும் சொல்லி இணைக்கச் சொல்லுங்கள்.

மெடிஷீல்டு லைஃபுக்கு விண்ணப்பம் தேவையில்லை, தானாகச் சேரும். ஏற்கெனவே உள்ள நோயும் அதில் அடக்கம். கடுமையான நோய் என்றால் 10 வருடத்துக்கு 30 விழுக்காடு கூடுதல் சந்தா.

"எனக்கு 'டி' எழுத்து. சாஸ்...?"

மேலே படியுங்கள். நிறம்.

"தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு என் மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) செல்லுமா? அவருக்கு ஃபின் இல்லை." (பொத்தோங் பாசிர்)

குறுகிய கால வருகை என்றால் கடப்பிதழ் எண்தான் அவருடைய அடையாளம். பெற்றோர், துணைவர், பிள்ளைகள் எந்த நாட்டவராக இருந்தாலும் உங்கள் மெடிசேவைப் பயன்படுத்தலாம், அதற்கான வரம்புக்குள். தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர் என்றால் அவர்கள் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும். ஆனால் அம்மாவுக்கு அரசாங்கக் கழிவு கிடையாது, முழுக் கட்டணம். உறவைக் காட்ட உங்கள் பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள்.

அந்தச் சான்றிதழையோ ஐசி அட்டையையோ படமெடுத்து யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

"ஐசி எண் இரகசியம். கிளினிக்கில் ஏன் கொடுக்க வேண்டும்?" (ஈசூன்வாசி)

இரகசியம் இல்லை அண்ணே. 2024 டிசம்பரில் வணிகப் பதிவுத் தளத்தில் பெயரைத் தேடினாலே முழு எண்ணும் தெரிந்தது. ஊரே கொதித்தது. அப்போது அரசாங்கம் சொன்னது: எண் உங்களை அடையாளம் காட்டத்தான், பூட்டுக்குச் சாவியாக அல்ல.

"அப்புறம் ஏன் அட்டைப் படத்தை அனுப்பாதே என்கிறீர்கள்? முரணாக இல்லையா?" (ஈசூன்வாசி)

இல்லை. எண் வேறு, அட்டை வேறு. அட்டையில் உங்கள் முகம், பிறந்த தேதி, முகவரி, கைரேகை எல்லாம் இருக்கின்றன. பெயரைச் சொல்வதும் வீட்டுச் சாவியைக் கொடுப்பதும் ஒன்றா?

"என் காப்பீட்டுக் கடிதமே ஐசி எண்ணைப் போட்டால்தான் திறக்கிறது!" (தெம்பனிஸ் பாட்டி)

எண்ணைக் கடவுச்சொல்லாக வைத்து எனக்கும் ஒரு நிறுவனம் அப்படி அனுப்பியது. எழுதிக் கண்டித்தேன், மாற்றினார்கள். நீங்களும் எழுதுங்கள் பாட்டி. ஈசூன் அண்ணே கோபப்பட வேண்டியது இந்த இடத்தில்தான்.

"வேலை அனுமதி அட்டையில் இருக்கிறேன். எனக்கு என்ன உண்டு?" (துவாஸ்)

மெடிஷீல்டு லைஃப் இல்லை. உங்கள் முதலாளி காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். 2023 ஜூலை முதல் வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்). அந்தச் சந்தாவை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பிடித்தால் மனிதவள அமைச்சிடம் சொல்லுங்கள், பயப்படாதீர்கள்.

"எஸ் எழுத்து என்றால்..."

நிறம்!

"நிரந்தரவாசியாக இருந்து குடியுரிமை பெற்றால் எண் மாறுமா?"

மாறாது. நிறம் மாறும்.

"பச்சைக் குழந்தைக்கு எண்?" (புதுத் தகப்பன்)

பிறப்புச் சான்றிதழில் இருக்கும் எண்தான் 15 வயதில் ஐசியிலும் வரும். குழந்தை குடிமகன் என்றால் மெடிசேவில் 5,000 வெள்ளி அரசாங்கம் போடும். பிறந்து 42 நாளுக்குள் பதிந்துவிடுங்கள் தம்பி. சான்றிதழைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், குழந்தையின் படம் போதும்.