பழைய செயின்சாவை வீட்டிலேயே ஓட வைக்கலாமா? கேள்வி பதில்

கேள்வி: தாத்தா வைத்திருந்த, பெட்ரோலில் ஓடி மரம் அறுக்கும் செயின்சா கிடைத்திருக்கிறது. பல வருடமாக ஓடவில்லை. மொத்தமாகப் பிரித்துக் கழுவித் தொடங்கட்டுமா?

பதில்: இப்போதே பிரிக்காதீர்கள். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் சில சொட்டு விடுங்கள். அப்புறம் சைலன்சரை மட்டும் கழற்றி, அங்கே தெரியும் ஓட்டை வழியாக டார்ச் அடியுங்கள். ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்தால் பிஸ்டனின் பக்கம் மேலும் கீழும் நகர்வது தெரியும். தயாரிக்கும்போது கடைந்த மெல்லிய கிடைக்கோடுகள் இன்னும் இருந்தால் நல்ல இன்ஜின். மேலிருந்து கீழாகக் கீறல் விழுந்து, அலுமினியம் இழுபட்டிருந்தால் அது எப்போதோ சூடாகிப் பிடித்திருக்கிறது. அப்படியானால் புதுப் பிஸ்டன் வாங்குவதற்கு முன்னால் ஏன் பிடித்தது என்று கண்டுபிடியுங்கள். இல்லையென்றால் புதுப் பிஸ்டனும் அதே வழியில்தான் போகும்.

கேள்வி: கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் தரும் அழுத்தம், எவ்வளவு இருந்தால் போதும்?

பதில்: பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜை மாட்டி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, கேஜ் முள் ஏறாமல் நிற்கும்வரை கயிற்றை இழுங்கள். 150 பிஎஸ்ஐ வந்தால் அருமை, 120 போதும். 100க்குக் கீழே என்றால் பிஸ்டன் ரிங்கைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் த்ராட்டிலை விட்டபிறகும் வேகம் குறையாமல் அலறுகிறது. கார்புரேட்டரை இரண்டு முறை சுத்தம் செய்தாயிற்று.

பதில்: உடனே அணையுங்கள், இனி அப்படி ஓட்டாதீர்கள். இது பெரும்பாலும் கார்புரேட்டர் கோளாறே இல்லை, காற்றுக் கசிவு. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலும் ஆயிலும் கலந்த காற்று கிராங்க்கேஸ் (பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறை) வழியாகத்தான் மேலே போகிறது. கிராங்க் ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள ரப்பர் ஆயில் சீல் வருடக்கணக்கில் காய்ந்து இறுகிவிட்டால் வெளிக்காற்று உள்ளே நுழையும். பெட்ரோலின் விகிதம் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் பிடிக்கும். பழைய மெஷின்களைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். ஆனால் எல்லோரும் பெயின்ட்டைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள்.

சோதிக்கும் முறை இது. பழைய டியூப் ரப்பரை வெட்டி சைலன்சருக்கு அடியிலும் கார்புரேட்டருக்கு அடியிலும் வைத்து முறுக்கி இரண்டு வாயையும் அடையுங்கள். பிஸ்டனைக் கீழே நிறுத்தி, பிளக் துளை வழியாக ஒரு கைப்பம்பால் 0.5 பார் அழுத்தம் கொடுங்கள். அரை நிமிடம் முள் அசையக் கூடாது. இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அதோடு நிறுத்தாமல், காற்றை உறிஞ்சி வெற்றிடத்திலும் அதே அளவுக்குச் சோதியுங்கள். சீலின் உதடு உள்ளிருந்து தள்ளும்போது நன்றாக ஒட்டிக்கொள்ளும். உறிஞ்சும்போதுதான் விலகிக் கசியும். ஓடும் இன்ஜினில் இரண்டும் மாறி மாறி நடக்கிறது.

கேள்வி: ஸ்பார்க் வரவில்லை. பாயிண்ட் (ஸ்பார்க்குக்கான மின்சாரத்தை விட்டு நிறுத்தும் தொடுமுனைகள்) உள்ள மாடல். எலக்ட்ரானிக் மாட்யூல் போடட்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பாயிண்ட், காந்தம் பதித்த சுழல் சக்கரமான ஃப்ளைவீலுக்கு அடியில் இருக்கும். ஃப்ளைவீல் நட்டைத் திருப்ப இன்ஜின் சுற்றாமல் நிற்க வேண்டும். அதற்குப் பிளக் துளையில் ஒரு தனிக் கயிற்றுத் துண்டை நுழையுங்கள். பிஸ்டன் மேலேறி சைலன்சர் ஓட்டையை மூடியபிறகுதான் நுழைக்க வேண்டும், இல்லையென்றால் கயிறு அந்த ஓட்டையில் மாட்டி நசுங்கும். கிளட்ச் கழற்றவும் இதே வழிதான். ஆனால் அது பெரும்பாலும் இடதுபுரி, வலப்பக்கமாகச் சுற்றினால்தான் கழலும்.

பாயிண்ட் தேய்ந்திருக்காது, சும்மா கிடந்து மேலே படலம் பிடித்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஆல்கஹாலில் நனைத்த கெட்டித்தாளை நடுவில் விட்டு இழுங்கள். தாள் சுத்தமாக வரும்வரை இழுக்க வேண்டும். இடைவெளி பல மாடல்களில் 0.35 முதல் 0.4 மி.மீ. காயிலுக்கும் ஃப்ளைவீல் காந்தத்துக்கும் நடுவே 0.3 மி.மீ போல இருந்தால் சரி, ஒரு விசிட்டிங் கார்டு தடிமன். ஃப்ளைவீல் சாவி (அதை ஷாஃப்டில் பூட்டும் சின்ன உலோகத் துண்டு) பாதி வெட்டுப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்பார்க் வந்தும் ஸ்டார்ட்டர் கயிறு கையைப் பிடித்து இழுக்கிறது என்றால் காரணம் அதுவாக இருக்கலாம். இவ்வளவும் பார்த்து, கண்டென்சரை மாற்றியும் வரவில்லை என்றால் அப்போது மாட்யூல் போடுங்கள்.

கேள்வி: கார்புரேட்டர் கிட் வாங்கிவிட்டேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: பிரிக்கும்போதே போட்டோ எடுங்கள். கேஸ்கெட்டும் (இடையில் வைக்கும் அடைப்புத் தாள்) டயாஃப்ரமும் (மெல்லிய சவ்வு) அடுக்கும் வரிசை ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி இருக்கும். பழைய டயாஃப்ரத்தை விரலால் தட்டுங்கள், காகிதம் போலச் சத்தம் வந்தால் அது எப்போதோ செத்துவிட்டது. ஊசி வால்வை இயக்கும் லீவர், டில்லட்சன் எச்எஸ் வகைக் கார்புரேட்டரில், அறையின் தரைமட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். பெட்ரோல் அளவைச் சரிசெய்யும் எச் (அதிவேகம்), எல் (குறைவேகம்) ஸ்க்ரூ இரண்டையும் மெதுவாக அடிவரை மூடி ஒரு சுற்று திறந்து வையுங்கள். இறுக்கி மூடினால் முனை கெட்டுவிடும். முழு த்ராட்டிலில் சுமையில்லாமல் கொஞ்சம் தடுமாறிக் குதிப்பது போன்ற சத்தம் வர வேண்டும். மரத்தில் அழுத்தியதும் அது தெளிய வேண்டும். சுத்தமாகக் கீச்சென்று பாடினால் எச் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.

கேள்வி: பெட்ரோல் டேங்க் மூடியில், பெட்ரோலுக்கு ஆயில் 16:1 என்று எழுதியிருக்கிறது. அப்படியே கலக்கட்டுமா?

பதில்: அந்த விகிதம் அந்தக் காலத்துச் சாதாரண இன்ஜின் ஆயிலுக்கு. இன்றைய நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயிலுக்கு 32:1 போதும், அதாவது 5 லிட்டருக்கு சுமார் 160 மில்லி. 16:1 போட்டால் புகையும் கரியும்தான் மிச்சம். எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைத்தால் அதையே ஊற்றுங்கள். ரப்பர் குழாயை எப்படியும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: சிலிண்டருக்குள் அலுமினியம் ஒட்டியிருக்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: நிக்கல் பூச்சுள்ள சிலிண்டராக இருந்தால் இன்னும் நம்பிக்கை உண்டு. சிலிண்டரைத் தனியாகக் கழற்றி, திறந்தவெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சுக்குச்சியால் கறையில் மட்டும் தொடுங்கள். நுரைத்தால் அலுமினியம் கரைகிறது. துடைத்துத் துடைத்து மறுபடி தொடுங்கள். கறை போயும் நுரை நிற்கவில்லை என்றால் பூச்சு உரிந்து சிலிண்டரையே தின்கிறது, உடனே நிறுத்துங்கள். முடிந்ததும் சோடா உப்புத் தண்ணீரில் கழுவுங்கள். கிராங்க்கேஸ் பெரும்பாலும் மெக்னீசியம். அதன் பக்கம் ஒரு துளி அமிலமும் போகக் கூடாது.

கேள்வி: என் மெஷின் ஹோம்லைட் எக்ஸ்எல்-12. சங்கிலிக்கு ஆயில் விட, கட்டைவிரலால் அமுக்கும் ஆயில் பம்பு அசையவே இல்லை.

பதில்: உள்ளே ஆயில் பிசினாகியிருக்கும். ஆயில் டேங்கில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டு அமுக்கிப் பாருங்கள். பலவந்தம் வேண்டாம்.

கேள்வி: கூடவே வந்த சங்கிலியின் பற்கள் கைரம்பப் பற்கள் மாதிரி இருக்கின்றன. தீட்டிப் பயன்படுத்தலாமா?

பதில்: சுவரில் மாட்டுங்கள். மரம் குடையும் வண்டுப் புழுவின் தாடையைக் கவனித்து ஜோசப் காக்ஸ் 1947இல் விற்கத் தொடங்கிய வளைந்த பல்தான் இன்றைக்கும் எல்லோரும் போடுவது. அதற்கு முந்தைய பாணியைத் தீட்டுவது நேர விரயம். புதுசு வாங்க, அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் முதலுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாதியாக்குங்கள், அதுதான் பிட்ச், அதாவது சங்கிலியின் அளவு. கூடவே, சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடான பாரின் பள்ளத்து அகலமும், உள்பக்கம் ஓடும் கண்ணிகளின் எண்ணிக்கையும் வேண்டும்.

கேள்வி: பெயின்ட்?

பதில்: கடைசியில். டேங்க் பக்கம் பெட்ரோல் தாங்கும் பெயின்ட்டாக இருக்கட்டும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது ஈரப்படுத்துங்கள், சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு.

கேள்வி: எல்லாம் சரியாகிவிட்டது. இனி வேலைக்கு எடுக்கலாமா?

பதில்: கீழே கிடக்கும் கட்டையை அறுக்கலாம். நிற்கும் மரத்துக்கோ தோளுக்கு மேலேயோ நான் எடுக்க மாட்டேன். செயின் பிரேக் 1970களில்தான் பரவலானது. அதற்கு முந்தைய மெஷினில் பாரின் நுனி மரத்தில் தட்டி மேலே எகிறினால் சங்கிலியை நிறுத்த எதுவும் இல்லை. ஹெல்மெட், காது மூடி, வெட்டுத்தாங்கும் கால்சட்டை கட்டாயம். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, ஐடிலில் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு எடுத்து வையுங்கள். புது டயாஃப்ரம் நிறைய நாள் உழைக்கும்.