அம்மை அன்றே போய்விட்டதே, அக்கி எப்படி வந்தது?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. தினமும் நடப்பார். போன வாரம் இடது விலாவில் அக்கி வந்துவிட்டது. சிறுவயதில் அம்மை போட்டவர்தான். அந்த எதிர்ப்பு சக்தி எங்கே போனது, டாக்டர்?
– ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: முழுதாகப் போகவில்லை அம்மா, தளர்ந்திருக்கிறது. சின்னம்மை இறங்கினாலும் அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதே இல்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பதுங்கியிருக்கும். அது தலைதூக்காமல் காவல் காப்பவை டி செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள். அம்மைக்கான ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், அப்பாவின் ரத்தத்தில் இன்றும் இருக்கும். ஆனால் இந்தக் காவலுக்கு அது போதாது.

டி செல்கள் பயிற்சி பெறும் இடம், நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி. வாலிபம் வந்ததுமே அது வேகமாகச் சுருங்கி, கொழுப்பாக மாறத் தொடங்கிவிடும். எழுபதில் புது டி செல்களின் வரத்து சொற்பம். பழையவையே பிரிந்து பிரிந்து பெருகி ஒப்பேற்றுகின்றன. அப்படிக் களைத்தவை, கூப்பிட்டவுடன் எழுவதில்லை. அதற்காக நடையை விட்டுவிட வேண்டாம். பிரிட்டனில், பல வருடங்களாக சைக்கிள் ஓட்டிவந்த 55 முதல் 79 வயதுக்காரர்கள் 125 பேரைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களிடம் தைமஸிலிருந்து வரும் புது டி செல்கள் இளைஞர்களுக்கு இணையாக இருந்தன.

என் அம்மாவுக்கு 78 வயதில் அக்கி வந்தது. திருவல்லிக்கேணி வீட்டில் மே மாத வெக்கை. முதுகில் வலப்பக்கம் மட்டும் பட்டையாகச் சிவந்ததை வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டிருக்கிறார்கள். புடவைத் தலைப்பு பட்டாலே துடித்தார். அப்புறம் அக்கி எழுதுபவரைக் கூப்பிட்டுக் காவி பூசினார்கள். வெளியூரிலிருந்து நான் வந்து பார்த்தது ஐந்தாம் நாள். வைரஸ் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். கொப்புளம் ஆறியும் எட்டு மாதம் எரிச்சலில் தூங்காமல் கிடந்தார். அந்த ஐந்து நாள் என்னை இன்றும் உறுத்துகிறது.

அப்பாவுக்கு ஆறியதும், எப்போது தடுப்பூசி போடலாம் என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அம்மாவுக்கு 50 தாண்டியிருந்தால் அவருக்கும் சேர்த்துக் கேளுங்கள். 2 முதல் 6 மாத இடைவெளியில் 2 ஊசி. விலை அதிகம்தான். ஆனால் வைரஸின் ஒரு புரதத்தோடு, சோர்ந்த செல்களை உசுப்பிவிடும் துணைப்பொருளும் அதில் இருக்கிறது. அதனால்தான் சோதனைகளில் எழுபது தாண்டியவர்களுக்கும் சுமார் 90 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது.

வீட்டில் அம்மை வராத, அம்மைத் தடுப்பூசியும் போடாத குழந்தைகள் இருந்தால், கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை அப்பாவின் மடியில் உட்காரவிடாதீர்கள். அவர்களுக்கு ஒட்டினால் வருவது அக்கி அல்ல, சின்னம்மை.