பாரிஸில் வயதான அப்பா அம்மாவோடு எங்கே தங்கலாம்?

கேள்வி: மே மாதம் பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் பாரிஸ் போகிறோம். நான், மனைவி, பத்து வயது மகள், எழுபதைத் தாண்டிய அப்பா, அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஈபிள் கோபுரத்துக்குப் பக்கத்தில் ரூம் போடுவதா, தமிழ்ச் சாப்பாடு கிடைக்கும் லாச்சப்பல் பக்கம் போடுவதா?

இரண்டும் வேண்டாம். 12-வது வட்டாரத்தில், கார் த லியோன் ரயில் நிலையத்திலிருந்து பெர்சி வரை உள்ள பகுதியில் தேடுங்கள். காரணம் உங்கள் அம்மாவின் முழங்கால்தான்.

நான் இருப்பது பாரிஸின் புறநகரில். சொந்த ஊர் புதுச்சேரி என்பதால் கோடை வந்தால் யாராவது உறவுக்காரர் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். வருவதற்கு முன்னால் எல்லோரும் மேப்பைத் திறந்து, ஹோட்டலிலிருந்து ஈபிள் கோபுரம் எவ்வளவு தூரம் என்றுதான் அளக்கிறார்கள். கோபுரத்தை ஒரு நாள் பார்ப்பீர்கள், மிஞ்சினால் இரண்டு நாள். மெட்ரோ படிகளில் தினமும் ஏறி இறங்க வேண்டும்.

பாரிஸ் மெட்ரோ 1900-ல் ஓட ஆரம்பித்தது. பழைய லைன்களில் பெரும்பாலான நிலையங்களில் லிஃப்ட் கிடையாது. எஸ்கலேட்டர் இருந்தாலும் பாதி வழிதான் துணைக்கு வரும், மீதிக்குப் படிதான். லைன் மாறும் இடங்களில் இறங்கி, நீளமான சுரங்க நடைபாதையில் நடந்து, மறுபடி ஏறி, மறுபடி இறங்க வேண்டும். நமக்கே சாயங்காலம் கால் கடுக்கும்.

இதற்கு விலக்கு 14-வது லைன். 1998-ல் வந்தது, டிரைவர் இல்லாமல் ஓடுகிறது, எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் இருக்கிறது. பெர்சியில் ஏறினால் கார் த லியோன், ஷாத்லே, பிரமித், மத்லென் என்று ஊரின் நடுவே போகும். பிரமித்தில் இறங்கினால் லூவர் அருங்காட்சியகமும் ஓப்பரா கட்டடமும் நடக்கும் தூரம். ஷாத்லேயில் இறங்கி ஆற்றைத் தாண்டினால் தீவிபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் மறுபடி திறந்த நோத்ர்தாம் தேவாலயம். கார் த லியோனில் 1-வது லைனும் கிடைக்கிறது. லூவர், ஷான்ஸெலிஸே, வெற்றி வளைவு எல்லாம் அதில் வண்டி மாறாமலே போகலாம்.

ஈபிள் கோபுரத்துக்குப் பெர்சியிலிருந்தே 6-வது லைன் நேராகப் போகிறது. அதில் 14 அளவுக்கு லிஃப்ட் வசதி கிடையாது, அந்த ஒரு நாள் மட்டும் மெதுவாகப் போங்கள். கோபுரத்துக்குப் பக்கத்து நிலையம் பிர் ஹக்கீம். முதல் தடவை அங்கே இறங்காமல் த்ரோகாதேரோ வரை போய்விடுங்கள். பிர் ஹக்கீமைத் தாண்டியதும் ரயில் பாலத்தின் மேல் சேன் நதியைக் கடக்கும். அப்போது வலது பக்க ஜன்னலில் கோபுரம் முழுசாகத் தெரியும். மகளை அந்தப் பக்கம் உட்கார வையுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. இங்கே வேலைநிறுத்தம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தால் பல லைன்கள் காலையும் மாலையும் அலுவலகம் போய்வரும் நேரத்தில் மட்டும் ஓடும், சிலது ஓடவே ஓடாது. 1, 4, 14 மூன்றும் டிரைவர் இல்லாத லைன்கள் என்பதால் அன்றைக்கும் வழக்கம்போல ஓடும். கூட்டம்தான் நெரியும். ஒரு வாரத்துக்கு வருகிறவருக்கு ஒரு நாள் வீணானாலே பெரிய இழப்பு.

பெர்சியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் பார்த்த பாரிஸ் அங்கே இல்லை. பழைய ஒயின் கிடங்குகள் இருந்த இடம், இப்போது நவீனக் கட்டடங்கள், ஒரு பெரிய பூங்கா, கிடங்குகளைக் கடைகளாக மாற்றிய ஒரு தெரு. பக்கத்திலுள்ள அக்கோர் அரினாவில் பெரிய கச்சேரி நடக்கும் நாட்களில் ரூம் விலை எகிறும். தேதியைக் கொஞ்சம் முன்னே பின்னே போட்டுப் பாருங்கள். அங்கே கிடைக்காவிட்டால் அதே 14-வது லைனில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒலிம்பியாத். அது 13-வது வட்டாரம், ஆசியக் கடைகள் நிறைந்த இடம். அரிசி, காய்கறிக்குக் கவலை இல்லை.

சரி, கோபுரத்துக்குப் பக்கம் ஏன் வேண்டாம்? அந்த 7-வது வட்டாரம் அமைச்சகங்களும் தூதரகங்களுமாக உள்ள பணக்காரப் பகுதி. ஜன்னலில் கோபுரத்தின் நுனி தெரிகிறது என்பதற்காகவே வாடகை ஏறும். காசு பிரச்சினை இல்லை, அந்த ஜன்னல்தான் வேண்டும் என்றால் எடுங்கள், தப்பில்லை.

லாச்சப்பல் வேறு கதை. கார் து நோர் நிலையத்துக்குப் பின்னால் ஃபோபூர் சான் தெனி தெருவில் நடந்தால் யாழ்ப்பாணக் கடைகள் வரிசையாக வரும். இடியப்பம், கொத்து ரொட்டி, மல்லிகைப் பூ, நகைக்கடை, சேலைக்கடை, சுவரெல்லாம் தமிழ் நோட்டீஸ். பக்கத்தில் மாணிக்க விநாயகர் ஆலயம். உங்கள் அப்பா அம்மாவுக்குக் கண்டிப்பாகப் பிடிக்கும், ஒரு நாள் மதியத்துக்கு மேல் கூட்டிப் போங்கள். கார் த லியோனிலிருந்து ஆர்இஆர் டி என்ற புறநகர் ரயிலில் இரண்டாவது நிறுத்தம் கார் து நோர். ஆனால் பெட்டி படுக்கையோடு தங்க நான் சொல்ல மாட்டேன். பெரிய ரயில் நிலையத்தைச் சுற்றி இரவில் இருக்கும் நெரிசலும் பிக்பாக்கெட்டும் அங்கேயும் உண்டு. சின்ன ஹோட்டல்களில் ரூமுக்கு ரூம் தரம் மாறும். விடிகாலை யூரோஸ்டாரில் லண்டன் போகிறவர்களுக்குத்தான் அந்த இடம் சரி.

பகுதியை முடிவு செய்த பிறகு கட்டடத்தைப் பாருங்கள். போன வருடம் என் சித்தி குடும்பம் ஓர் அழகான பழைய கட்டடத்தில் நாலாவது மாடியில் வீடு எடுத்திருந்தார்கள். லிஃப்ட் இருக்கிறது என்று போட்டிருந்தது, இருக்கவும் இருந்தது. சுழல் படிக்கட்டின் நடுவில் பிற்காலத்தில் செருகிய லிஃப்ட் அது. ஒரு பெரிய பெட்டியை வைத்தால் ஆள் நிற்க இடமில்லை, ஆள் நின்றால் பெட்டிக்கு இடமில்லை. சித்தப்பா கீழே நின்று ஒவ்வொரு பெட்டியாக ஏற்றி அனுப்ப, தம்பி மேலே நின்று ஒவ்வொன்றாக எடுத்தான். சித்தி கடைசியாகத் தனியாக ஏறி வந்தார், கண்ணை மூடிக்கொண்டு. அதனால் லிஃப்ட் உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள், எத்தனை பேர் போகலாம் என்றும் கேளுங்கள்.

ரூமின் அளவையும் பாருங்கள். 12 சதுர மீட்டர் என்றால் நம் கணக்கில் 130 சதுர அடிதான், இங்கே அது சாதாரணம். டபுள் பெட் பல இடங்களில் 140 சென்டிமீட்டர் அகலம்தான். குளியலறையில் தொட்டி இருந்தால் அதன் விளிம்பைத் தாண்டி இறங்குவது அம்மாவுக்குச் சிரமம், ஷவர் உள்ள ரூம் என்று கேட்டு வாங்குங்கள். ஏசி பல பழைய கட்டடங்களில் கிடையாது. மே மாதத்துக்குப் பரவாயில்லை. ஜூலையில் வருகிறவர்கள் ஏசி இல்லாமல் எடுக்க வேண்டாம், 2019 ஜூலையில் இங்கே 42.6 டிகிரி அடித்தது. அப்புறம், ஒரு குவளை எடுத்து வாருங்கள், ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஐந்து பேர் என்பதால் சமையலறையோடு உள்ள அப்பார்ட்ஹோட்டல்தான் என் ஓட்டு. அதாஜியோ, சித்தாதீன் போன்றவை பல பகுதிகளில் இருக்கின்றன. காலையில் காபி, இரவில் ஒரு ரசம் சாதம் முடிந்துவிட்டால் பெரியவர்கள் நாள் முழுக்கத் தெம்பாக இருப்பார்கள். அடுப்பு இண்டக்‌ஷனாக இருந்தால் அலுமினியக் குக்கர் வேலை செய்யாது, அடி பார்த்து எடுத்து வாருங்கள்.

முகவரியில் பின்கோடைப் பாருங்கள். லூவரிலிருந்து நத்தை ஓடு போலச் சுற்றிக்கொண்டே வெளியே போகிற 20 வட்டாரங்கள்தான் பாரிஸ். 75012 என்றால் 12-வது வட்டாரம். 93, 94, 95 என்று தொடங்கினால் புறநகர், ஹோட்டல் பெயரில் பாரிஸ் என்று இருந்தாலும் சரி. 2025 முதல் விமான நிலையங்கள் தவிர மற்ற இடங்களுக்கு மெட்ரோ, ஆர்இஆர் டிக்கெட் ஒரே விலை என்பதால் புறநகரில் தங்கினால் டிக்கெட் செலவு கூடாது. நேரம்தான் போகும், மதியம் பெரியவர்களை ரூமில் விட்டுவிட்டு மறுபடி கிளம்பவும் முடியாது.

மெட்ரோ, ஆர்இஆர் எல்லாவற்றுக்கும் பொதுவான நவிகோ வாரப் பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும், வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் கிடையாது. முடிந்தால் திங்கள் அல்லது செவ்வாய் வந்து இறங்குகிற மாதிரி விமான டிக்கெட் போடுங்கள்.

சார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்து டாக்ஸியே எடுங்கள். மீட்டர் கிடையாது, நிர்ணயித்த கட்டணம். 2025-ல் ஆற்றின் வலது கரைக்கு 56 யூரோ, இடது கரைக்கு 65. பெர்சி வலது கரை, ஒலிம்பியாத் இடது கரை. ஐந்தாவது ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்குவார்கள், வரிசையில் பெரிய வண்டியாகக் கேளுங்கள். உள்ளேயே வந்து டாக்ஸி வேண்டுமா என்று கேட்பவர்களோடு போகாதீர்கள்.

ஹோட்டல் பில்லில் ஆளுக்கு, இரவுக்கு என்று தங்கல் வரி தனியாக வரும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது கிடையாது. மகள் பெயரிலும் சேர்த்திருந்தால் கவுண்டரிலேயே சொல்லி எடுக்கச் சொல்லுங்கள்.