நம்மைப் படிக்க வந்தவர் யாருக்கெல்லாம் தெரிகிறார்?

கேள்வி: பறவைகளைப் பற்றிய என் குறிப்புகளுக்காகச் சிறிய இணையதளம் ஒன்றை நடத்துகிறேன். விளம்பரம் கிடையாது, உறுப்பினர் பதிவும் கிடையாது. வாசகர்கள் அனுப்பும் படங்களையும் வெளியிடுகிறேன். மாதம் நூறு பேர் வந்தாலே அதிகம். வருகிறவர்களின் அந்தரங்கத்தைப் பற்றி நான் கவலைப்பட வேண்டுமா?

பதில்: வேண்டும். நூறு பேர்தான் என்பதால் இன்னும் கூடுதலாகவே வேண்டும். பெரிய தளத்தின் கூட்டத்தில் ஒருவர் கரைந்துபோகலாம். உங்கள் நூறு பேரில் யார் எந்த நேரத்தில் வந்தார், எந்தப் பக்கத்தை மூன்று முறை திறந்தார் என்று பார்த்தால் ஆளையே ஊகித்துவிடலாம்.

நானும் என் தளம் எதையும் சேகரிப்பதில்லை என்று உறுதியாக நம்பியிருந்தேன். ஒரு நாள் பிரவுசரில் எஃப்12 விசையை அழுத்தி, 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, முகப்பை மறுபடி ஏற்றிப் பார்த்தேன். ஒரே ஒரு கட்டுரையைக் காட்டுவதற்கு என் பக்கம் ஐந்து வெளி முகவரிகளைக் கூப்பிட்டது. தமிழ் எழுத்துருவுக்கு ஒன்று, வீடியோவுக்கு இரண்டு, பகிர்வுப் பொத்தானுக்கு ஒன்று, எப்போதோ சேர்த்து மறந்துவிட்ட வருகைக் கணக்கிக்கு ஒன்று. என் எழுத்தைப் படிக்க வந்தவர்களின் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அவர்களுடைய இணைப்பைக் குறிக்கும் எண், அந்த ஐந்து இடங்களுக்கும் போயிருக்கிறது. அவர்கள் என்னை நம்பி வந்தவர்கள். அன்றே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன்.

எழுத்துருவை மாற்றுவது எளிது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற கட்டற்ற எழுத்துருக்களின் கோப்பை இறக்கி, உங்கள் தளம் இருக்கும் கணினியான சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம்; உரிமம் அதற்கு இடம் தருகிறது. எழுத்துருவில் என்ன வந்துவிடப்போகிறது என்று தள்ளிவிடாதீர்கள். கூகுள் எழுத்துருவை கூகுளின் சர்வரிலிருந்தே வரவழைத்த ஒரு தளத்தின் மீதான வழக்கில், வருகையாளரின் ஐபி முகவரி அவருடைய சம்மதம் இல்லாமல் கைமாறியது தவறு என்று 2022 ஜனவரியில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீடு 100 யூரோ. எழுத்துருவைத் தன்னிடமே வைத்திருக்க வழி இருந்தும் அதைச் செய்யவில்லை என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

வீடியோ இருந்த இடத்தில் ஒரு படத்தையும் இணைப்பையும் வைத்தேன். பகிர்வுப் பொத்தானை எடுத்த பிறகு அதை ஒருவர்கூடத் தேடவில்லை.

நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் சர்வர் தானாகவே ஒரு பதிவேட்டை எழுதிக்கொண்டிருக்கும். ஐபி முகவரி, நேரம், திறந்த பக்கம், பிரவுசரின் பெயர், பல சமயம் எந்தத் தளத்திலிருந்து வந்தார் என்பதும் அதில் இருக்கும். தாக்குதல் நடந்தால் கண்டுபிடிக்க அது தேவைதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் எதற்கு? நான் ஏழு நாளில் அழித்துவிடுகிறேன். உங்கள் சர்வர் நிறுவனத்திடம் எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது, வாசகர்கள் அனுப்பும் படங்கள். கைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒளிந்திருக்கலாம். தன் வீட்டு ஜன்னலில் வந்து அமர்ந்த குருவியை ஒருவர் ஆசையாக அனுப்புகிறார் என்று வையுங்கள். அப்படியே வெளியிட்டால் அவருடைய வீட்டை உலகத்துக்கே காட்டிக்கொடுக்கிறீர்கள். எக்ஸிஃப் எனப்படும் அந்தத் தகவலை நீக்கிவிட்டுத்தான் படத்தை ஏற்ற வேண்டும். இதில் மட்டும் தயவுசெய்து சோம்பல் வேண்டாம்.

கேள்வி: எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரிந்துகொள்ள நினைப்பது தவறா?

பதில்: தவறே இல்லை, எழுதுகிறவருக்கு அந்த ஆசை இயல்பு. பதிவேட்டை அழிக்கும் முன், எந்தப் பக்கம் எத்தனை முறை திறக்கப்பட்டது என்ற கூட்டுத்தொகையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குக் குக்கியும் (வருகிறவரின் பிரவுசரில் தளம் சேமித்துவைக்கும் சிறு குறிப்பு) வேண்டாம், வெளியார் நிரலும் வேண்டாம்.

கேள்வி: குக்கிக்கு அனுமதி கேட்கும் பெட்டியை நானும் வைக்க வேண்டுமா?

பதில்: குக்கியே இல்லாத தளத்தில் எதற்கு அனுமதி? ஐரோப்பிய விதிகள்கூட, வாசகர் கேட்ட சேவைக்கு இன்றியமையாத குக்கிக்குச் சம்மதம் கேட்கச் சொல்வதில்லை. வேறொரு தளத்தின் நீண்ட கொள்கை அறிக்கையை நகலெடுத்து ஒட்டாதீர்கள். உங்கள் தளத்தில் நடக்காததையெல்லாம் அது சொல்லும். பதிவேடு எத்தனை நாள் இருக்கும், கடிதங்களை யார் படிப்பார்கள், ஒருவர் தன் படத்தை நீக்கச் சொன்னால் எவ்வளவு சீக்கிரம் நீக்குவீர்கள் என்று ஐந்தாறு வரிகளில் நீங்களே தமிழில் எழுதி, எல்லாப் பக்கத்தின் அடியிலும் இணைப்புக் கொடுங்கள்.