கேள்வி – பதில்: எந்த சிடி ரைட்டர் வாங்கலாம்?

கேள்வி: வீட்டுக் கம்ப்யூட்டருக்கு சிடி ரைட்டர் வாங்கப் போகிறேன். ஒரு பெட்டியில் 52x32x52x என்றும் இன்னொன்றில் 48x24x48x என்றும் போட்டிருக்கிறது. வேகம் கூடியதையே வாங்கிவிடலாமா?

பதில்: முதல் எண் சிடி-ஆரில் (ஒரு முறை மட்டும் எழுதக்கூடிய டிஸ்க்) எழுதும் வேகம், நடு எண் சிடி-ஆர்டபிள்யூவில் (திரும்பத் திரும்ப எழுதக்கூடிய டிஸ்க்) அழித்து எழுதும் வேகம், கடைசி எண் படிக்கும் வேகம். 1x என்பது நொடிக்கு 150 கிலோபைட். அந்தக் கணக்கில் 52x-க்கு 7,800 கிலோபைட் வர வேண்டும். வரும், ஆனால் டிஸ்கின் வெளி ஓரத்தை எட்டும்போதுதான். சிடியில் பதிவு உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போகிறது. உள்ளே வேகம் 22x அளவில்தான் இருக்கும். ஆகவே 48-க்கும் 52-க்கும் உள்ள வித்தியாசம், 700 எம்பி டிஸ்க் முழுவதையும் எழுதினாலும், கால் நிமிடத்தைத் தாண்டாது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

எழுதி முடித்த டிஸ்கைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உள்ளேயிருந்து ஓரம் நோக்கி நிறம் சற்று மாறிய ஒரு பட்டை தெரியும். எழுதப்பட்ட பகுதி அதுதான். 'பாதி ஃபைல் காப்பி ஆகிறது, கடைசி ஃபைல் மட்டும் திறக்கவில்லை' என்று வரும் புகார்களில் பெரும்பாலும் கோளாறு அந்தப் பட்டையின் வெளி விளிம்பில் இருக்கும். டிஸ்க் மிக வேகமாக ஓடி, லேசருக்கு மிகக் குறைந்த நேரம் கிடைப்பது அங்கேதான். 24x-இல் எழுதினால் முழு டிஸ்குக்கு 3 நிமிடம் 20 நொடி, 16x-இல் 5 நிமிடம். முக்கியமான கோப்புகளுக்கு இந்த நடுவேகமே நல்லது. அதற்காக 52x டிஸ்கை 4x-க்கு இறக்கவும் வேண்டாம். வேக டிஸ்குகளில் லேசர் எழுதும் சாயப் பூச்சு அவ்வளவு மெதுவான பதிவுக்காகச் செய்யப்பட்டதல்ல. எழுதி முடிந்ததும் 'வெரிஃபை' (எழுதியது மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று சரிபார்த்தல்) செய்யாமல் மூலக் கோப்பை அழிக்கவே கூடாது.

பழைய டிரைவ் கைக்கு வந்தால் பஃபர் அண்டர்ரன் பாதுகாப்பு (டிரைவின் தற்காலிக நினைவகமான பஃபர் எழுதும்போது காலியானாலும் டிஸ்க் வீணாகாமல் காப்பது) உண்டா என்று பாருங்கள். 2 எம்பி பஃபர் 52x வேகத்தில் கால் நொடியில் காலியாகிவிடும். அந்த நேரத்தில் ஹார்ட் டிஸ்க் தடுமாறினால், பாதுகாப்பு இல்லாத டிரைவில் டிஸ்க் வீண்.

கேள்வி: சிடி மட்டும் எழுதுவது போதுமா, டிவிடி ரைட்டராகவே வாங்கட்டுமா?

பதில்: டிவிடி ரைட்டர்தான். அது சிடியும் எழுதும். பிளஸ், மைனஸ் (டிவிடி+ஆர், டிவிடி-ஆர்) இரு வகை டிஸ்கையும் ஏற்கும் டிரைவாக வாங்குங்கள். 'காம்போ' என்று எழுதியிருந்தால் கவனம்: அது டிவிடியைப் படிக்கும், ஆனால் எழுதுவது சிடி மட்டுமே. இன்னொன்று, 4.7 ஜிபி டிவிடியைக் கம்ப்யூட்டர் 4.37 என்று காட்டும். இரண்டும் ஒரே அளவுதான், கணக்கிடும் முறை வேறு.

கேள்வி: டிரைவை மாட்டினேன், பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது சாதனங்களைக் கண்டறியும் அடிப்படை மென்பொருள்) தெரியவில்லை. யு.எஸ்.பி. டிரைவ் வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை இருக்காதோ?

பதில்: மதர்போர்டில் டிரைவை இணைக்க இருப்பது பழைய ஐடிஇயா, புதிய சாட்டாவா என்று கேபினெட்டைத் திறந்து பார்த்துவிட்டே வாங்க வேண்டும். ஐடிஇ என்றால் 40 பின் கொண்ட அகலத் தட்டைக் கேபிள். சாட்டா என்றால் விரலை விடக் குறுகலான 7 பின் கேபிள். ஐடிஇயில் ஒரே கேபிளில் இரண்டு சாதனம் இருந்தால் டிரைவின் பின்பக்கமுள்ள ஜம்பரில் (பின்களில் செருகும் சிறு இணைப்புத் துண்டு) ஒன்றை மாஸ்டர் (முதல் சாதனம்), மற்றதை ஸ்லேவ் (இரண்டாவது) என்று அமைக்க வேண்டும். இரண்டுமே மாஸ்டராக இருந்தால் ஒன்றோ இரண்டுமோ தெரியாமல் போகும். உங்களுடையது ஐடிஇ என்றால் முதலில் இதைச் சரிபாருங்கள். சாட்டாவில் ஜம்பர் பார்க்கத் தேவையில்லை. பவர் கேபிளும் டேட்டா கேபிளும் இறுக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

யு.எஸ்.பி.யில் வேறு தொல்லை. மெல்லிய டிரைவுகள் போர்ட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கின்றன. யு.எஸ்.பி. 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர். எழுதும்போது லேசரும் மோட்டாரும் சேர்ந்து அதைத் தாண்டிவிடலாம். படிக்கும்போது ஒழுங்காக ஓடும் டிரைவ், எழுதத் தொடங்கியதும் 'பவர் காலிபரேஷன் எரர்' (லேசரின் சக்தியைச் சரிசெய்ய முடியவில்லை என்ற செய்தி) காட்டி நின்றால், டிஸ்கைக் குறை சொல்லும் முன் இடையில் ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) இருந்தால் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகிப் பாருங்கள். டிரைவுடன் இரட்டைத் தலைக் கேபிள் வந்திருந்தால் இரண்டு தலையையும் செருக வேண்டும்.

கேள்வி: நான் எழுதிய பாட்டு சிடி கம்ப்யூட்டரில் பாடுகிறது, பழைய சிடி பிளேயரில் பாடவில்லை. டிரைவ் பழுதா?

பதில்: டிரைவைச் சந்தேகிக்க வேண்டாம். நீங்கள் எழுதியது சிடி-ஆர்டபிள்யூவாக இருக்கலாம். அது திருப்பி அனுப்பும் ஒளி, சிடி-ஆருடன் ஒப்பிட்டால் சுமார் மூன்றில் ஒரு பங்குதான்; பல பழைய பிளேயர்களின் கண்ணுக்கு அது எட்டாது. சிடி-ஆரில் எழுதுங்கள். எம்பி3 கோப்புகளை அப்படியே டேட்டாவாக எழுதாமல் 'ஆடியோ சிடி' என்று தேர்ந்தெடுத்து, முடிவில் ஃபைனலைஸ் (இனி எதுவும் சேர்க்க முடியாதபடி டிஸ்கை மூடுதல்) செய்யுங்கள். கச்சேரிப் பதிவு போலத் தொடர்ந்து ஒலிக்க வேண்டியது என்றால் 'டிஸ்க் அட் ஒன்ஸ்' முறையில் (முழு டிஸ்கையும் ஒரே மூச்சில்) எழுதி, மென்பொருளில் இடைவெளியைப் பூஜ்யம் ஆக்குங்கள். 'ட்ராக் அட் ஒன்ஸ்' முறையில் (ஒவ்வொரு பாட்டாக நிறுத்தி எழுதுவது) பாட்டுக்குப் பாட்டு 2 நொடி மௌனம் விழும்.